பேக்கிங் மேட் என்ற பெயரில் பிளாஸ்டிக்: மட்டக்களப்பில் வாங்குவோர் கவனத்துக்கு

வீட்டில் கேக்கும் பிஸ்கட்டும் செய்து விற்கும் பெண்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். மட்டக்களப்பு நகரில் "பேக்கிங் மேட்" என்று ஒரு விரிப்பை விற்கிறார்கள். ஓவனுக்குள் வைக்கவே கூடாத பொருள் அது. கல்முனையிலும் அதே பெட்டியைக் கண்டதாக என் மைத்துனி சொல்கிறார்.

நத்தாருக்குப் பட்டர் பிஸ்கட் ஓடர் எடுத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் தாள் வெட்டி விரிப்பதை விட, கழுவிக் கழுவிப் பாவிக்கக்கூடிய சிலிக்கன் விரிப்பு ஒன்று வாங்கலாம் என்று சமையலறைச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். அது சிலிக்கனா, 180 பாகை சூட்டில் வைக்கலாமா என்று கடைக்காரரிடம் நேராகவே கேட்டேன். "ஓம் அக்கா, அசல் சிலிக்கன். 250 பாகை வரைக்கும் தாங்கும், பயப்படாமல் வையுங்கள்" என்றார். பெட்டியின் மேல் பிஸ்கட் அடுக்கிய ஓவன் தட்டின் படம் வேறு. விரிப்பில் வட்டங்களும் சென்ரிமீற்றர் கோடுகளும் அச்சிட்டிருந்தன. எந்தச் சூடு வரை தாங்கும் என்பதோ, எதனால் செய்தது என்பதோ பெட்டியில் ஓரிடத்திலும் இல்லை.

170 பாகையில் வைத்துச் சில நிமிடங்களில் மின்வயர் கருகும் மணம் வீடு முழுக்கப் பரவியது. ஓவனைத் திறந்தால் விரிப்பின் ஒரு மூலை இளகித் தட்டோடு ஒட்டியிருந்தது. பிஸ்கட்டுகளின் அடியில் கோடுகளின் மை இறங்கியிருந்தது. பட்டரும் முட்டையும் என் உழைப்பும் குப்பைக்குப் போயின. அவற்றை எந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது?

மறுநாள் விரிப்போடும் பில்லோடும் கடைக்குப் போனேன். அதே மனிதர்தான் நின்றார். "இது மா தட்டுகிற மேட், அக்கா. ஓவனில் வைக்கச் சொன்னது யார்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். பில்லில் "மேட் 1" என்று மட்டும்தான் எழுதியிருந்தது. விற்ற பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்றார். முதல் நாள் 250 பாகை என்று சொன்ன வாயால் இதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சமும் தயக்கம் இருக்கவில்லை. பணத்தை விட அதுதான் எனக்கு ஆத்திரம்.

வீட்டுக்கு வந்து விரிப்பின் மூலையை வெட்டி, முற்றத்தில் குறட்டால் பிடித்து நெருப்பில் காட்டினேன். கரும்புகையோடு கருகிக் கரியாகச் சுருண்டது. சிலிக்கன் எரிந்தால் வெண்சாம்பல் மிஞ்சும். எனக்கு விற்றது பிவிசி வகைப் பிளாஸ்டிக் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிவிசி, கொதிநீரின் சூட்டுக்கே இளகிவிடும். ஓவன் சூட்டில் நச்சுப்புகை விடும்.

கடைக்காரர் இரண்டாம் நாள் சொன்னது ஒரு வகையில் உண்மைதான். அது மா தட்டுகிற விரிப்புத்தான். பேஸ்ட்ரி மேட் என்பது மேசையில் விரித்து மாவை உருட்டுவதற்கானது. வட்டங்களும் அளவுக் கோடுகளும் அதற்காகத்தான் இருக்கின்றன. அதைப் பிளாஸ்டிக்கிலும் செய்வார்கள், சிலிக்கனிலும் செய்வார்கள். பேக்கிங் மேட் வேறு. கண்ணாடி இழை வலையின் மேல் சிலிக்கன் பூசியது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வலைப்பின்னல் தெரியும். தட்டுக்குள் அடங்கும் அளவில், மெல்லியதாக இருக்கும். ஆனால் கோடு இருந்தால் ஓவனுக்கு ஆகாது, இல்லாவிட்டால் ஆகும் என்று முடிவு கட்டாதீர்கள். கோடுள்ள சிலிக்கன் விரிப்புகளிலும் ஓவனுக்கு ஏற்றவை உண்டு. எதனால் செய்தது, எத்தனை பாகை தாங்கும் என்பவை அச்சில் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். நல்ல விரிப்புகளில் 230 அல்லது 250 பாகை என்று போட்டிருப்பார்கள். அச்சில் இல்லாததைக் கடைக்காரர் வாயால் சொன்னால், பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்தப் பொருள் வேண்டாம்.

நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் மேசை மேல் வைக்கும் சிறிய மின் ஓவன்கள். சூடாகும் கம்பி தட்டுக்கு மிக அருகில் இருக்கும். தட்டை விடப் பெரிய விரிப்பு ஓரத்தில் சுருண்டு எழுந்து கம்பியைத் தொட்டால் தீப்பிடிக்கலாம். அசல் சிலிக்கன் என்றாலும் இது ஆபத்துத்தான். ஆகவே கடைக்குப் போகுமுன் தட்டின் உள்ளளவை எடுத்துக்கொள்ளுங்கள். கிரில் போடும்போது விரிப்பை வைக்க வேண்டாம். பேக்கிங் மேட்டின் மேல் கத்தியோ பற்றிஸ் வெட்டும் சில்லோ படவும் கூடாது. வெட்டு விழுந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி இழை உணவில் கலக்கலாம். அப்படி வெட்டுப்பட்ட விரிப்பை எறிந்துவிட வேண்டியதுதான்.

பேக்கிங் மேட், பேஸ்ட்ரி மேட் இரண்டையும் வாங்க வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். பிஸ்கட் மட்டும் செய்பவருக்கு ஒரு நல்ல பேக்கிங் மேட் போதும். பற்றிஸ், பை போன்றவற்றுக்கு மாவை விரிப்பவருக்கு பேஸ்ட்ரி மேட் உண்மையிலேயே உதவும். நம் ஊர் மத்தியான வெக்கையில் பட்டர் மா கையிலேயே இளகுகிறது. அப்போது விரிப்போடு சேர்த்துத் தூக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுக்கலாம். கையில் காசு குறைவென்றால் பேக்கிங் பேப்பரே போதும். மலிவான சந்தேக விரிப்பை விட அது எவ்வளவோ மேல்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை வாங்கி மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றவோ, பணத்தைத் திருப்பித் தரவோ கடைக்கு உத்தரவிட அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. தொலைபேசியில் கேட்பதென்றால் இலக்கம் 1977.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, முறைப்பாட்டில் எழுதியிருக்கிறேன். அந்தப் பெட்டி இன்னும் முன்தட்டில்தான் இருக்கிறது. வாங்கியவர்கள் பில்லையும் பெட்டியையும் எறியாமல் வைத்திருங்கள். மூன்று மாதம் கடக்குமுன் நீங்களும் முறையிடுங்கள். கடிதம் எழுத உதவி தேவையென்றால் நான் எழுதித் தருகிறேன்.