1,38,000 ரூபாய்க்கு ‘ஹை-எண்ட் ஸ்ட்ரீமர்’ என்று விற்ற ஆண்ட்ராய்டு பெட்டி: டெல்டாக்காரர்கள் உஷார்

மூடியைக் கழற்றியாயிற்று. 1,38,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்த ஸ்ட்ரீமருக்குள், அதாவது பாட்டுக் கோப்புகளை வாசித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பெட்டிக்குள், இருப்பது டிவிக்குப் பின்னால் ஒட்டி வைக்கும் ஆண்ட்ராய்டு பெட்டியின் போர்டு. பக்கத்தில் ஒரு சின்ன டாக் போர்டு (டிஜிட்டல் எண்களை ஒலி சிக்னலாக மாற்றுவது), ஒரு எஸ்.எம்.பி.எஸ். (மொபைல் சார்ஜரில் இருக்கும் வகைப் பவர் சப்ளை). இவை தவிர, அடித்தட்டில் நான்கு ஸ்க்ரூ போட்டு முடுக்கிய இரும்புப் பட்டை ஒன்று. அது எந்த மின்சுற்றிலும் இல்லை. கையில் தூக்கினால் கனமாக இருக்க வேண்டும், அதற்காக மட்டும். சூட்டோடு எழுதுகிறேன், கோர்வை தப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நல்ல டிஜிட்டல் சோர்ஸை (ஸ்ட்ரீமர், சிடி பிளேயர் போல, பாட்டு புறப்படும் கருவி) எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கடையின் பெயர் வேண்டாம். டெல்டாவில் ஒரு பெரிய ஊர், மாடியில் ஏசி போட்ட ‘லிசனிங் ரூம்’, கீழே போர்டு கிடையாது. வாட்ஸ்அப் குழுவில்தான் வியாபாரம் முழுக்க. அங்கே சொன்னவை இவை: ஈ.எஸ்.எஸ். 9038 ப்ரோ என்ற டாக் சிப், டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் வைத்த லீனியர் (பழைய பாணி, கனமான) பவர் சப்ளை, 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 1,92,000 சாம்பிள், அதாவது ஒலியை அளந்த எண்கள்; சிடியில் 44,100) வரை பிட்-பெர்ஃபெக்ட் (கோப்பில் உள்ளது ஒரு பிட்டும் மாறாமல் வெளியே போவது), கூடவே 2 டி.பி. ஹார்ட் டிஸ்க்கில் 50,000 ‘மாஸ்டர் குவாலிட்டி’ பாட்டு.

நம்ப வைத்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். “என்ன சார் கேப்பீங்க?” என்றார் கடைக்காரர். நாகஸ்வரம் என்றதும் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைப் போட்டார். “மாஸ்டர் டேப்லேர்ந்து எடுத்தது சார், 192. உங்க ஊர் கோயில் மண்டபத்துல உக்காந்த மாதிரி இருக்கும்.” அடுத்து அதே பதிவை ஒரு சாதாரண சிடி பிளேயரில் போட்டுக் காட்டினார். முதலில் கேட்டது உண்மையாகவே நன்றாக இருந்தது, சத்தம் நெஞ்சில் வந்து நின்றது. வித்தை வோல்ட்டில் இருக்கிறது. சிடி பிளேயர் காலத்திலிருந்து சோர்ஸ்களின் லைன் அவுட் (ஆம்ப்புக்குப் போகும் சிக்னல்) அளவு 2 வோல்ட். இந்தப் பெட்டியை மீட்டரில் அளந்தால் 2.5 வோல்ட். அதாவது ஆம்ப்பின் வால்யூமைத் தொடாமலேயே கிட்டத்தட்ட 2 டெசிபல் அதிகம். அவ்வளவு சின்ன வித்தியாசம் காதுக்குச் ‘சத்தம் கூடியது’ என்று தெரியாது, ‘தெளிவு, ஆழம்’ என்றே தெரியும். ஒப்பிட்டுக் காட்டும் எந்தக் கடையிலும் இரண்டு சோர்ஸையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் கேட்டது கணக்கிலேயே சேராது. ஒரு டெஸ்ட் டோன், ஒரு மல்டிமீட்டர் போதும், இரண்டு நிமிட வேலை.

இன்னொன்று. ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956இல். அந்தக் காலத்துப் பதிவுகள் பெரும்பாலும் 78 வேகத் தட்டிலிருந்தோ வானொலியிலிருந்தோ வந்த மோனோ. அதை 192இல் வைத்தால் கூடுதலாகப் பதிவாவது ஊசியின் இரைச்சல்தான். ‘ஸ்டீரியோ மாஸ்டர்’ என்று எவராவது விற்றால் சிரித்துவிட்டு எழுந்து வாருங்கள்.

வீட்டுக்கு வந்த பெட்டியில் முகப்புத் திரை சிடி ரிப்புக்கு (சிடியிலிருந்து எடுத்த கோப்பு) 44.1 என்றும், ‘மாஸ்டர்’ கோப்புகளுக்கு 192 என்றும் அழகாகக் காட்டியது. அது கோப்பின் தலைப்பில் எழுதியிருப்பதை அப்படியே படித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். பின்னால் உள்ள கோஆக்ஸியல் அவுட்டை (டிஜிட்டல் சிக்னல் வெளிவரும் முனை), வரும் வேகத்தைத் திரையில் காட்டும் வேறொரு டாக்கில் செருகினால் எல்லாப் பாட்டுக்கும் 48, 48, 48. ஆண்ட்ராய்டின் ஒலிக்கலவை (எல்லாச் செயலிகளின் ஒலியையும் ஒன்றாகக் கலக்கும் பகுதி) எல்லாவற்றையும் ஒரே வேகத்துக்கு மாற்றித்தான் வெளியே விடும். யூ.எஸ்.பி. டாக்குக்கு மாற்றாமல் நேராக அனுப்பும் வழியை 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14தான் அதிகாரபூர்வமாகத் திறந்தது. இதில் ஓடுவது ஆண்ட்ராய்டு 9. சொந்த டிரைவர் வைத்திருக்கும் பிளேயர் செயலி போட்டால் தப்பிக்கலாம், இதில் அதுவும் இல்லை. 44.1ஐ 48 ஆக்குவது எளிய பெருக்கல் அல்ல, 147க்கு 160 என்ற விகிதம். நல்ல மென்பொருள் செய்தால் காதுக்குத் தெரியாது, மலிவான பெட்டி செய்தால் தெரியும். எப்படியானாலும் ‘பிட்-பெர்ஃபெக்ட்’ என்ற சொல் அந்த இடத்திலேயே செத்துவிட்டது.

சிப்பும் பொய். 9038 ப்ரோ எட்டு சேனல் சிப், நான்கு பக்கமும் கால் நீட்டிய பெரிய சதுரம். இங்கே இருப்பது அதே குடும்பத்தின் இரண்டு சேனல் கியூ2எம், பேட்டரியில் ஓடும் கருவிகளுக்காகச் செய்த சின்னது. அது மோசமான சிப் அல்ல, சரியாக வடிவமைத்தால் அருமையாகப் பாடும். சிப் பெயரை வைத்து ஒலியை எடைபோடுவதே எனக்குப் பிடிக்காத வேலை. ஆனால் 1,38,000 வாங்கியது ப்ரோவின் பெயரைச் சொல்லித்தானே?

ஹார்ட் டிஸ்க்கைக் கணக்குப் போட்டாலே போதும். 2 டி.பி.யை 50,000ஆல் வகுத்தால் பாட்டுக்கு 40 எம்.பி. உண்மையான 24/192 ஐந்து நிமிடப் பாட்டு, சுருக்காமல் சுமார் 345 எம்.பி.; ஃப்ளாக்கில் (தரம் குறையாமல் சுருக்கும் முறை) சுருக்கினாலும் பொதுவாக 150க்கு மேல் வரும். 40இல் எப்படி அடங்கியது? ஸ்பெக் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, கோப்பை இழுத்துப் போட்டால் அதிர்வெண் படம் வரும். பாதிக்கு மேற்பட்ட கோப்புகள் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல நின்றன, அதாவது 128 கே எம்.பி.3 (தரத்தைக் குறைத்துச் சுருக்கியது). சில 20இல் நின்றன, 320 கே. சில 22இல், சிடி. மேலே, 192 கோப்பில் ஒலி இருக்க முடிகிற 96 வரை, வெறும் கறுப்பு. வெறுமை நன்றாகச் சுருங்கும், அதனால்தான் 40 எம்.பி. அத்தனையும் திருட்டுப் பிரதி என்பது தனி.

இனி பதில்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ‘டிக்’ என்று ஒரு சத்தம் வருகிறது என்று சொன்னதற்கு முதல் பதில்: “200 மணி நேரம் ஓடட்டும் சார், அப்புறம்தான் செட் ஆவும்.” ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் கேட்டால் இரண்டு மாதத்துக்கு மேல். திருப்பிக் கொடுக்க அவர்கள் வைத்த கெடு 15 நாள். புரிகிறதா எதற்கு 200 என்று? இரண்டாவது பதில்: “கேபிள் மாத்துங்க, நம்மகிட்டயே 9,000க்கு இருக்கு.” மூன்றாவது: “அப்டேட் வருது.” நான்காவதுதான் வயிற்றெரிச்சல்: “டெல்டா கரண்ட்டே அப்படித்தான் சார், நாங்க என்ன பண்ண முடியும்?”

சரி, எடுத்துக்கொள்வோம். மேட்டூர் திறந்து குறுவை தொடங்கினால் மோட்டார் ஓடும் நேரத்தில் கிராமங்களில் வோல்டேஜ் இறங்குவது உண்மை, 170க்கும் போகும். ஆனால் பெட்டியின் பின்னால் ‘100–240 வோல்ட்’ என்று அச்சிட்டிருக்கிறது. எந்த சுவிட்சும் இல்லாமல் அவ்வளவு அகலமாக வாங்குவது எஸ்.எம்.பி.எஸ். மட்டுமே, 170இல் அது அசையாது. லீனியர் என்றால் 230 என்று மட்டும் போட்டிருக்கும், அல்லது 115/230 மாற்றும் சுவிட்ச் இருக்கும். வோல்டேஜ் மிகவும் இறங்கினால் அதில் 100 ஹெர்ட்ஸ் உறுமல் வரலாம், ‘டிக்’ வராது. ஆக, கரண்ட் காரணம் என்றால் லீனியர் இருக்க வேண்டும், எஸ்.எம்.பி.எஸ். என்றால் கரண்ட் காரணமில்லை. எந்தப் பக்கம் போனாலும் ஒரு பொய்.

‘டிக்’ வருவது வேறு இடத்திலிருந்து. ஆண்ட்ராய்டு போர்டு ஒரு கிரிஸ்டலில் (வேகத்தைத் தீர்மானிக்கும் கடிகாரம்) ஓடுகிறது, டாக் போர்டு இன்னொன்றில். அசிங்க்ரனஸ் யூ.எஸ்.பி.யாக இருந்தால் டாக் தன் வேகத்துக்குத் தரவு கேட்டு வாங்கும். இதில் அது இல்லை. இரண்டு கிரிஸ்டலுக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால், 48,000இல் நொடிக்கு 2.4 சாம்பிள் பிசகும். 480 சாம்பிள் பிடிக்கும் பஃபர் (தற்காலிகக் கிடங்கு) 200 நொடியில் காலி, அப்போது ஒரு ‘டிக்’. மறுபடி 200 நொடி. கரண்ட்டால் வரும் கோளாறு இப்படிக் கடிகாரம் பார்த்து வராது. இதை எழுதி அனுப்பியதும் நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. சாயங்காலம் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

பில் மெயிலில் வரும் என்றார்கள். வந்தது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட ஒரு படம். ‘மியூசிக் சிஸ்டம் – 1, ரூ. 1,38,000.’ மாடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை. 1,38,000! ஒரு ராஸ்பெர்ரி பையில் (கையகலக் கணினி போர்டு) வால்யூமியோவோ மூட் ஆடியோவோ (பாட்டு வாசிக்கும் மென்பொருள்கள்) ஏற்றி, ஒழுங்கான யூ.எஸ்.பி. டாக் ஒன்றைச் செருகினால் இதைவிடச் சுத்தமான சோர்ஸ் 30,000க்குள் முடியும்.

தேர்வு முறை எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவை:

பணம் கொடுக்கும் முன்பே சீரியல் எண்ணோடு ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். அடாப்டரோடு வந்தால் அதில் ‘ஆர்’ (R) என்று தொடங்கும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க் நிறையப் பாட்டு இலவசம் என்றால் வேண்டாம்.

முகப்புத் திரையை நம்பாதீர்கள், வெளி டாக்கின் திரையைப் பாருங்கள். அது இல்லையென்றால் டிடிஎஸ் (சரவுண்ட் ஒலி முறை) சிடியின் வேவ் கோப்பு ஒன்றை பென் டிரைவில் கொண்டுபோய், கோஆக்ஸியல் வழியாக ஏ.வி. ரிசீவருக்குக் (ஹோம் தியேட்டர் ஆம்ப்) கொடுங்கள். ஒரு பிட்டும் மாறாமல் போனால் ரிசீவர் டிடிஎஸ் என்று பிடித்துக்கொள்ளும். மாறினால் ‘ஸ்ஸ்’ என்று இரைச்சல் மட்டும் வரும், அதனால் ரிசீவரின் வால்யூமைக் குறைத்து வைத்துப் போடுங்கள். பெட்டியின் வால்யூம் மட்டும் முழு அளவில், ஈக்வலைசர் அணைத்து.

மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை இப்போதே எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பக்கம் விலைப்பட்டியல் படங்களையெல்லாம் அழிக்கத் தொடங்கிவிட்டார்கள்.