கெண்டையின் காதுக்கல்லும் ஷேப்ஆரும்: நான்கு ஆண்டு அனுபவம்

கத்தாழை மீன் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், தலைக்குள் வெள்ளையாக இரண்டு கல் கிடக்கும். கெண்டை, டிரவுட் எல்லாவற்றுக்கும் அது உண்டு. மொத்தம் மூன்று ஜோடி. காதுக்கல், காதெலும்பு என்கிறோம், ஆனால் அது எலும்பே இல்லை, சுண்ணாம்புக் கல். வளையங்களை எண்ணி மீனின் வயதைச் சொல்லலாம். ஓரத்தின் வடிவத்தை அளந்தால், ஒரே இன மீன் தனித்தனிக் கூட்டங்களாக வாழ்கிறதா என்று பார்க்கலாம். இந்த இரண்டாவது வேலைக்குத்தான் ஷேப்ஆர். புள்ளிவிவரக் கணக்குக்கான ஆர் என்ற நிரல் மொழியில் ஓடும் இலவச மென்பொருள் தொகுப்பு; கல்லின் படத்திலிருந்து ஓரத்தைப் பிரித்து அளக்கும். லிபுங்கன், பால்சன் இருவரும் 2015இல் வெளியிட்டது.

அதன் மாதிரித் தரவு ஹெர்ரிங் என்ற கடல் மீனுடையது. என் மீன் கண்ணாடிக் கெண்டை, 1939இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து ஊட்டி ஏரியில் விட்ட வகை. ஊட்டிக்கு அருகே எமரால்டு பக்கம் மீன் விற்கும் அண்ணன் எனக்காகத் தலைகளை எடுத்து வைப்பார். "ஏனுங்க, சதைய விட்டுட்டு வெறும் தலைய வாங்கிட்டுப் போறீங்களே" என்று முதல் மாதம் கேட்டார். கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அப்புறம் எந்தத் தலை எந்த அணை என்று அவரே தனித்தனிப் பையில் கட்டித் தந்தார்.

ஹெர்ரிங்கில் படம் பிடிப்பது மூன்று ஜோடியில் ஒன்றான சஜிட்டா என்ற கல்லை. கெண்டையில் அது ஊசி போல மெலிந்திருக்கும், இடுக்கி பட்டாலே ஒடியும். பத்துப் பதினைந்தை உடைத்த பிறகு இன்னொரு ஜோடியான அஸ்டெரிஸ்கஸ் கல்லுக்கு மாறினேன். தட்டையானது, சுமாரான வட்டம்.

கணக்கு எனக்குப் பிடித்த இடம். ஒரு நீள்வட்டம், அதன் மேல் இரு மடங்கு வேகத்தில் சுற்றும் இன்னொன்று, பிறகு மும்மடங்கு வேகத்தில் மற்றொன்று என்று அடுக்கினால் கல்லின் ஓரம் மெல்ல மெல்ல உருவாகும். இதுதான் நீள்வட்ட ஃபூரியே முறை. 12 அடுக்கு, அடுக்குக்கு நான்கு எண். அளவு, சாய்வு, தொடங்கும் புள்ளி மூன்றையும் சரிசெய்யும்போது மூன்று எண்கள் மாறிலியாகிவிடும், மிச்சம் 45. கல்லின் ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் ஒரு வெட்டு இருந்தால் ஃபூரியே அதை எல்லா எண்களிலும் பரப்பிவிடும். தொகுப்பில் உள்ள இன்னொரு கணக்கான அலைச்சிற்றலை (wavelet) முறை அந்த இடத்தைப் பிடித்துச் சொல்லும். கெண்டைக்கு நான் அதைத்தான் நம்புகிறேன்.

முதல் ஆண்டு, ஒவ்வொரு கல்லையும் ஒரு புள்ளியாகக் காட்டும் வரைபடத்தில் இரண்டு அணை மீன்களும் தெளிவாகப் பிரிந்து நின்றன. அன்று இரவு தூக்கமே வரவில்லை. சில வாரம் கழித்துத்தான் உறைத்தது: ஒரு தொகுதியைப் பிப்ரவரி வெயிலில் எடுத்திருந்தேன், மற்றதை ஜூலை மூடுபனியில், லென்ஸில் ஈரம் படிந்த நிலையில். கருப்புத் துணி மேல் வெள்ளைக் கல் மங்கலாகத் தெரிந்தால், தொகுப்பு 0.2 என்ற வெளிச்ச வரம்பில் ஓரத்தைக் கடித்துவிடுகிறது. எல்லாவற்றையும் ஒரே விளக்கில் திரும்ப எடுத்தேன். இடைவெளி பாதிக்கு மேல் சுருங்கிப் போயிற்று. மீனின் நீளத்தால் வரும் பாதிப்பைக் கணக்கிலிருந்து விலக்கியதும் இன்னும் சுருங்கியது. காட் என்ற கடல் மீனில் இந்த வேறுபாட்டுக்கு வளர்ச்சி வேகமே பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் கம்பானாவும் காசல்மனும் 1993லேயே காட்டியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் நான் தொடங்கியிருக்க வேண்டும்.

படத்தின் மேல் சிவப்புக் கோடு வரைந்து தரும் வசதியைத் தயவுசெய்து அணைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் கண்ணால் பாருங்கள். கோப்புறைப் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் ஓடாது, அது பழகிவிடும். டிரவுட் எடுப்பவர்களுக்கு ஒன்று: நீலகிரியின் அவலாஞ்சியில் 1907 முதல் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. பொரிப்பக மீன்களில் சில கற்கள் வேட்டரைட் என்ற வேறொரு படிக வடிவமாக மாறிக் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும், ஓரமும் கோணும். தொகுப்புக்கு ஓரம் மட்டுமே தெரியும். அவற்றை நீங்கள்தான் பொறுக்கி விலக்க வேண்டும்.

இப்போது ஒவ்வொரு கல்லையும் இரண்டு வெவ்வேறு நாளில் படம் எடுக்கிறேன். இரண்டு படமும் வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தால்தான் அந்தக் கல் கணக்கில் சேரும்.