சிவப்பு மூடி ஸ்டாக் இல்லை

லண்டனிலிருந்து ஊருக்கு வந்த பயணத்தில் விமானம், டாக்சி, ரயில் டிக்கெட் எல்லாம் இந்த முறை ஒழுங்காக அமைந்தன. எழுத வைத்தது ஊர் மெடிக்கல் ஷாப் மேசையில் வந்து விழுந்த ஒரு கட்டு சிரிஞ்சு.

பெரியம்மாவுக்கு இன்சுலின். சீட்டில் காலை 20 யூனிட், ராத்திரி 12. குப்பியின் மேல் 40 ஐயூ/மிலி என்று இருக்கிறது; ஒரு மில்லியில் 40 யூனிட் மருந்து என்று அர்த்தம். கடைப் பையன் எடுத்து வைத்ததோ ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. "சிவப்பு ஸ்டாக் இல்ல சார். இதுவும் இன்சுலின் ஊசிதான். கோடு பாத்துப் போட்டுக்குங்க."

அந்தக் கோட்டில்தான் கோளாறே. 40 குப்பியில் 20 யூனிட் என்றால் அரை மில்லி. சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு சரியாக அரை மில்லியில் நிற்கும். ஆரஞ்சு மூடி, 100 ஐயூ மருந்துக்குச் செய்தது. அதில் 20 என்ற கோடு 0.2 மில்லிதான். 40 குப்பியிலிருந்து அதுவரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்.

சர்க்கரை ஏறும். டாக்டர் டோஸ் போதவில்லை என்று நினைத்து 20-ஐ 30 ஆக்குவார். ஆரஞ்சில் அந்த 30-உம் 12 யூனிட்தான். அடுத்த மாதம் கடையில் சிவப்பு மூடி வந்துவிடும். அன்று காலை அதே 30 முழுசாக உள்ளே போகும். 12-லிருந்து ஒரே நாளில் 30. சர்க்கரை தாழ்ந்து, வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, அடுப்படியில் விழுந்த பிறகும் வீட்டில் எல்லோரும் "காலையில சரியாச் சாப்பிடல" என்றுதான் சொல்வார்கள்.

தலைகீழாகவும் நடக்கும். இன்சுலின் பேனாவுக்குள் போடும் 3 மில்லி மருந்துக் குழலில் (கார்ட்ரிட்ஜ்) இருப்பது 100 ஐயூ மருந்து. பேனா மக்கர் செய்கிறதென்று அதற்குள் சிவப்பு மூடி ஊசியை விட்டு 20 வரை இழுத்தால் 50 யூனிட். இது உயிருக்கே ஆபத்து.

லண்டனில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. பிரிட்டன் 1983-இலேயே 100 ஐயூ மருந்துக்கு மாறிவிட்டது. அதனால்தான் அங்கிருந்து பாசத்தோடு பெட்டியில் சிரிஞ்சு அடுக்கி வருகிற நம்மவர்கள் அந்தப் பையனைவிட ஆபத்தானவர்கள். அவனிடமாவது சிவப்பு என்றொரு வகை உண்டு.

நோயாளி வீட்டில் தனக்குத்தானே செய்துகொள்ளும் வைத்தியத்தையும் ஒரு வேலையாகப் பார்த்து, கருவியையும் இடத்தையும் அந்த வேலைக்கு ஏற்ப அமைக்கச் சொல்லும் துறை ஒன்று உண்டு. பேஷன்ட் எர்கனாமிக்ஸ் என்பார்கள். 2013-இல் வந்த செய்ப்ஸ் (SEIPS) 2.0 என்ற ஆய்வுச் சட்டகம், ஊழியர் செய்யும் வேலை, நோயாளி செய்யும் வேலை, இருவரும் சேர்ந்து செய்யும் வேலை என்று மூன்றையும் ஒரே தட்டில் வைத்தது. அந்தக் கண்ணோடு சிரிஞ்சைப் பாருங்கள். நிறம் இருப்பது மூடியில்; மருந்தை இழுக்கும் நேரத்தில் மூடி கழன்று கிடக்கும். உடலில் 40 என்றும் 100 என்றும் எறும்பெழுத்து. 1 மில்லி சிவப்பில் ஒரு கோடு ஒரு யூனிட், 1 மில்லி ஆரஞ்சில் பெரும்பாலும் ஒரு கோடு இரண்டு யூனிட். கண்புரை வந்தவர், ட்யூப்லைட் வெளிச்சத்தில், வெறும் வயிற்றில் இதைப் படிக்க வேண்டும். தப்பு பெரியம்மா பேரில் எழுதப்படும்.

மாத்திரைப் பட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கித் தருவது இன்னும் மாறவில்லை. காலாவதித் தேதி பட்டையின் ஒரு முனையில்தான் இருக்கும்; அந்தத் துண்டு யார் வீட்டுக்குப் போனதோ. நம் கையில் வருவது தேதியில்லாத நாலு மாத்திரையும், 1-0-1 என்று பென்சிலில் கிறுக்கிய காகித உறையும். லண்டனில் பேர், வேளை, எண்ணிக்கை அச்சடித்த லேபிள் இல்லாமல் பெட்டி கையைவிட்டுப் போகாது. முழுப் பட்டையாகவே வாங்கி, தேதி இல்லாத முனையிலிருந்து பிதுக்குங்கள். காலைப் பட்டைக்கு ஒரு ரப்பர் பேண்ட், ராத்திரிக்கு இரண்டு. இருட்டிலும் விரல் சொல்லிவிடும்.

ஃப்ரிட்ஜில் குப்பியை ஃப்ரீசருக்கு ஒட்டி வைக்கக் கூடாது. உறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி. திறந்தது பொதுவாக நாலு வாரம்; திறந்த தேதியை ஒரு துண்டு பிளாஸ்டரில் எழுதி ஒட்டுங்கள். கரண்ட் போகிற ஊரில், ஈர மணலில் பதித்த மண்பானை நன்றாகவே தாங்கும். பால் போலக் கலங்கிய வகையை உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டணும், குலுக்கக் கூடாது.

குறையே சொல்லிக்கொண்டிருந்தால் ஆகாது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. சின்ன வயதில் ஜி.ஹெச். வரிசையில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆரஞ்சு மட்டும்தான் கிடைக்கிறது என்றால் இரண்டரையால் பெருக்கி 50 கோடு வரை இழுக்கலாமே என்று கணக்குத் தெரிந்த யாராவது சொல்வார்கள். கணக்கு சரி. ஆனால் 50 என்று பழகிய கை, சிவப்பு திரும்பி வந்த நாளில் அதையும் கடைசிக் கோடான 40 வரை நிரப்பிவிடும். மேலே பத்துக்கு இன்னொரு ஊசியும் தேடும். அடுத்த தெருக் கடைக்கு நடங்கள். கல்லாவை விட்டு நகரும் முன் குப்பியில் உள்ள எண்ணையும் சிரிஞ்சின் உடலில் உள்ள எண்ணையும் சத்தமாகப் படியுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.