வெப்காமிக் பேனர்: அசையும் ஜிஃபா, அசையாத படமா?

இணையத்தில் வெளியாகும் சித்திரக்கதையான வெப்காமிக்குக்கு, மற்ற காமிக் தளங்களில் பேனர் விளம்பரம் போடுவது என்று முடிவானதும் முதலில் எழும் கேள்வி, நாலைந்து ஃப்ரேம் ஓடும் ஜிஃப் செய்வதா, ஒரே படத்தோடு நிறுத்திக்கொள்வதா என்பதுதான். நான் அசையாத படத்தின் கட்சி. ஜிஃப் கண்ணை இழுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதைத் தொடர்ந்து பராமரிப்பது ஒரு தனி வேலை. இங்கே நான் எழுதுவதில் பெரும்பகுதி அந்தப் பராமரிப்பைப் பற்றித்தான்.

தெரிந்த சமாசாரங்களை ஓட்டமாகப் பார்த்துவிடலாம். ஜிஃபில் ஒரு ஃப்ரேமில் கேள்வி, அடுத்ததில் பதில் என்று குட்டிக் கதையே சொல்லலாம். அசையாத படத்தில் கிடைப்பது ஒரே கணம். ஜிஃபின் ஒரு ஃப்ரேமில் 256 வண்ணங்கள்தான். அசையாத பட வகைகளான ஜேபெக்குக்கும் முழு வண்ண பிஎன்ஜிக்கும் அந்தக் கட்டு இல்லை. காமிக் தளங்களைச் சொந்தமாக நடத்துகிறவர்களில் சிலர் அசையும் விளம்பரமே வேண்டாம் என்பார்கள். தங்கள் பக்கத்தின் ஓரத்தில் ஏதோ துடித்துக்கொண்டே இருந்தால் படிப்பவர் எரிச்சலடைவார் என்பது அவர்கள் கவலை, நியாயமானதுதான். வலைப்பக்கம் மாதிரி நிரல் எழுதிச் செய்யும் எச்டிஎம்எல்5 பேனர் என்று மூன்றாவதும் ஒன்று உண்டு. தனியாளாக வரைந்து எழுதி வெளியிடுகிறவருக்கு அது வேண்டாத சுமை என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

காமிக் தளத்தில் பேனரைப் பார்ப்பவர் செய்தித் தளத்து வாசகர் மாதிரி அல்ல. ஒரு சாரார் புதுப் பக்கம் வந்ததா என்று எட்டிப்பார்த்துவிட்டுப் போகும் வழக்கமான வாசகர்கள். இன்னொரு சாரார் பழைய பக்கங்களை முதலிலிருந்து ஒரே மூச்சில் படிக்கிறவர்கள். உங்களுக்கு வேண்டியது இரண்டாமவர். படிக்கும் பசியோடு வந்திருக்கிறார். ஆனால் அவர் சில விநாடிக்கு ஒருமுறை 'அடுத்தது' பொத்தானை அழுத்திக்கொண்டே போகிறார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் பக்கம் புதிதாக ஏறுகிறது, ஜிஃபும் பெரும்பாலும் முதல் ஃப்ரேமிலிருந்து மறுபடி ஓடத் தொடங்குகிறது. ஃப்ரேமுக்கு 2 விநாடி வீதம் நான்கு ஃப்ரேம் என்றால், நீங்கள் பாடுபட்டு வரைந்த நாலாவது ஃப்ரேமின் பஞ்ச் வருவதற்கே 6 விநாடி கடக்க வேண்டும். அதற்குள் அவர் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார். முதல் ஃப்ரேமை அவர் ஐம்பது தடவை பார்த்திருக்கலாம், கடைசி ஃப்ரேமை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார். அந்த முதல் ஃப்ரேமில் "ஒரு நாள் இரவு..." என்று மட்டும் எழுதியிருந்தால் ஐம்பது தடவையும் வீண். அசையாத படம் ஏறிய கணத்திலேயே முழுதாக நிற்கிறது.

இனி பராமரிப்பு. ஒரே ஆட்கள் ஒரே தளத்துக்குத் திரும்பத் திரும்ப வருவதால் ஒரு பேனர் சீக்கிரமே பழகிப்போய்விடும். க்ளிக் செய்ய வேண்டியவர்கள் முதல் சில நாட்களில் செய்துவிடுவார்கள், மற்றவர்கள் கண்ணுக்கு அது சுவரோடு சுவராகிவிடும். ஆகவே படத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றுவது எளிதாக இருந்தால்தான் மாற்றுவீர்கள். கஷ்டமாக இருந்தால் பழைய பேனரையே மாதக் கணக்கில் ஓடவிட்டு, விளம்பரம் வேலைக்காகவில்லை என்று முடிவுகட்டிவிடுவீர்கள்.

கணக்கைப் பாருங்கள். வழக்கமாகத் தேவைப்படும் அளவுகள் (பிக்சலில், அகலம்×உயரம்) நான்கு: 300×250, 728×90, 160×600, கைப்பேசிக்கு 320×50. ஒவ்வொன்றிலும் மூன்று மாதிரி வைத்தால் 12 கோப்புகள். அசையாத படமாக இருந்தால், வாசகத்தை மாற்ற வேண்டுமென்றாலும் லேயரில் வரியைத் திருத்தி 12 கோப்பையும் மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால் முடிந்தது. அதே 12, ஆறு ஃப்ரேம் ஜிஃபாக இருந்தால் 72 ஃப்ரேம். ஒரு வரி நீண்டுவிட்டால் படிக்கக் கூடுதல் நேரம் வேண்டும் என்று ஃப்ரேம் நேரத்தை மாற்ற வேண்டும். புதிதாக ஒரு வண்ணம் சேர்த்தால் வண்ணத் தட்டு, அதாவது அந்த 256 வண்ணங்களின் பட்டியல், முழுவதும் மாறலாம். ஃப்ரேமுக்கு ஒரு தட்டு என்று விட்டால் முகத்தின் நிறம் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் லேசாக மாறி மினுக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே தட்டு வைத்தால் தோலின் நிழல் பட்டை பட்டையாகப் பிரியும். இரண்டையும் கண்ணால் பார்த்துத்தான் சரிசெய்ய முடியும், அதுவும் அளவுக்கு ஒருமுறை தனித்தனியாக.

கோப்பின் எடையும் இதோடு சேர்ந்ததுதான். பெரிய விளம்பர நெட்வொர்க்குகளில் 150 கேபி என்பது நெடுநாளாகப் பழகிய வரம்பு. 300×250 என்றால் 75,000 பிக்சல். ஜிஃபில் பிக்சலுக்கு ஒரு பைட் வீதம், சுருக்குவதற்கு முன் ஃப்ரேமுக்குச் சுமார் 73 கேபி. தட்டையான நிறங்களில் வரைந்த படம் நன்றாகச் சுருங்கும். வண்ணச் சாயல்களைப் புள்ளி கலந்து காட்டும் டிதரிங்கைப் போட்டால் சுருக்கம் படுத்துவிடும். இரண்டு மூன்று ஃப்ரேமிலேயே வரம்பைத் தொட்டுவிடலாம். நீர்வண்ணம் மாதிரி மென்மையாக வண்ணமிடுகிறவர்களுக்கு ஜிஃப் அநேகமாகக் கட்டுப்படியாகாது.

காலம் கடந்து தாங்குமா என்பதும் பராமரிப்பில் சேர்த்திதான். அசைவுக்காக ஒரு காலத்தில் பலர் பயன்படுத்திய ஃப்ளாஷ் மென்பொருளுக்கு அடோபி 2020 முடிவில் ஆதரவை நிறுத்தியது; அதில் செய்த பேனர்கள் எதற்கும் உதவாமல் போயின. அதே காலத்தில் செய்த பிஎன்ஜி இன்றும் அப்படியே ஓடும்.

சரி, அசையாத படத்தை எப்படிச் செய்வது? காமிக்கிலிருந்து ஒரு கட்டத்தை வெட்டிச் சுருக்கிப் போடுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது, அது ஒருபோதும் சரிவராது. 800 பிக்சல் அகலக் கட்டத்தை 160க்குச் சுருக்கினால் எல்லாமே ஐந்தில் ஒரு பங்காகிவிடும். 4 பிக்சல் தடிமனில் இழுத்த கோடு ஒரு பிக்சலுக்கும் கீழே போய்ச் சாம்பல் நிறக் கீறலாகும். 20 பிக்சல் எழுத்து 4 பிக்சலாகும். அது எழுத்தே அல்ல, தூசி. வசனக் குமிழ் இருப்பது தெரியும், வசனம் தெரியாது.

பேனருக்கென்று தனியாக வரையுங்கள். இறுதி அளவைப் போல நான்கு மடங்கில் ஒரு மூலக் கோப்பு: 300×250க்கு 1200×1000. இறுதியில் கோடு 1.5 முதல் 2 பிக்சல் தெரிய வேண்டும் என்றால் மூலத்தில் 6 முதல் 8 பிக்சல் தூரிகை. வழக்கமாக வரைவதைவிட முரட்டுத்தனமாகத் தோன்றும், அப்படித்தான் இருக்க வேண்டும். முகம், பின்னணி, வசனம், காமிக் பெயர், ஓரக்கோடு ஐந்தும் தனித்தனி லேயர். பின்னணியை நாற்புறமும் தாராளமாக நீட்டி வரைந்து வையுங்கள். 160×600 நெட்டையானது, 728×90 பட்டையானது. ஒரே படத்தை இரண்டுக்கும் வெட்ட அந்த உபரி இடம்தான் கைகொடுக்கும்.

உள்ளடக்கம் ஒரு முகம், ஒரு பொருள், ஒரு வரி. இரண்டு பாத்திரங்கள் கட்டாயம் வேண்டுமென்றால் ஒருவர் முதுகைக் காட்டட்டும். முகத்தின் பார்வை வாசகத்தை நோக்கி இருக்க வேண்டும். வெளியே பார்க்கும் முகம் வாசகரின் கண்ணையும் வெளியே கூட்டிக்கொண்டு போய்விடும். வாசகம் கதையின் முடிச்சைச் சொல்ல வேண்டும். "அருமையான காமிக், உடனே படியுங்கள்" என்பதில் ஒன்றுமில்லை. "செத்துப்போன பாட்டி தினமும் போன் செய்கிறாள்" என்றால் திகிலா நகைச்சுவையா என்ற கேள்வி எழும், அதற்குப் பக்கத்தில் இருக்கும் முகத்தின் பாவனை பதில் சொல்லும். வாரம் எந்த நாள் வெளியாகிறது, எத்தனை பக்கம் வந்திருக்கிறது, ஆசிரியர் பெயர், சமூக வலைத்தள முகவரி எதுவும் பேனரில் வேண்டாம்.

728×90ஐ அப்படியே சுருக்கி 320×50 ஆக்க முடியாது. முதலாவதில் அகலம் உயரத்தைப் போல 8 மடங்கு, இரண்டாவதில் 6.4. அகலத்தை மட்டும் பொருத்தினாலும் 24 பிக்சல் எழுத்து பத்தரை பிக்சலாகிவிடும். 320×50ல் கண்ணும் மூக்கும் வரை வெட்டிய முகம், காமிக் பெயர், அவ்வளவுதான். முடிச்சு வரியை அங்கே விட்டுவிடுங்கள்.

தமிழ் எழுத்துக்கு இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். விசிறியும் (ி, ீ குறிகள்) சுழியும் உள்ள எழுத்துகள் சின்ன அளவில் அடைத்துக்கொள்ளும். ண, ன இரண்டும் ஒரே கறையாகத் தெரியும். தடித்த எழுத்தாக இருந்தாலும் 16 பிக்சலுக்குக் கீழே போகாதீர்கள். புள்ளியும் மேல் விசிறியும் முந்தைய வரியில் இடிக்காமல் வரி இடைவெளியைக் கூட்ட வேண்டும். 90 பிக்சல் உயரத்தில் இரண்டு வரிதான் நிம்மதியாக உட்காரும். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் "கொ" என்ற எழுத்தில் கொம்பு இடம் மாறி விழும். எக்ஸ்போர்ட் செய்த பிறகு ஒவ்வொரு கோப்பையும் எழுத்துக்கூட்டிப் படித்துப் பாருங்கள்.

தட்டை நிறமும் கறுப்புக் கோடுமாக இருந்தால் பிஎன்ஜி. ஜேபெக் கோட்டைச் சுற்றி அழுக்கு மாதிரி கசிவு விடும், சிவப்பு எழுத்தில் இன்னும் மோசம். வண்ணப் பூச்சு அதிகமாக இருந்து ஜேபெக்தான் என்றால், எக்ஸ்போர்ட் பெட்டியில் நிறத்தைக் குறைத்துச் சேமிக்கும் சப்சாம்ப்ளிங் அமைப்பு இருந்தால் அதை 4:4:4 (நிறத்தைக் குறைக்காத நிலை) என்று வையுங்கள்; கசிவு பெருமளவு குறையும். கடைசியாக ஒரு பிக்சல் ஓரக்கோடு. வெள்ளைப் பின்னணி பேனர் வெள்ளைத் தளத்தில் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் கரைந்துபோகும். படத்தைக் கறுப்புவெள்ளையாக்கிப் பாருங்கள். முகமும் எழுத்தும் பின்னணியிலிருந்து பிரிந்து தெரியாவிட்டால் வண்ணத்தை மாற்றியாக வேண்டும்.

இனி காசு. வெப்காமிக் ஆசிரியர் ரயன் நார்த் தொடங்கிய ப்ராஜெக்ட் வொண்டர்ஃபுல் 2006 முதல் 2018 வரை இயங்கியது. அது விளம்பர இடத்தை நாள் கணக்கில் ஏலம் விட்டது. க்ளிக் எத்தனை வந்தாலும் செலவு ஒன்றே. அந்த முறையில் கவன ஈர்ப்புக்கு மதிப்பு அதிகம், ஜிஃபுக்கு நியாயம் இருந்தது. க்ளிக்குக்கு இவ்வளவு என்று கொடுக்கும் இடத்தில் கதை வேறு. என்னவோ ஆடுகிறதே என்று ஆர்வத்தில் தட்டிவிட்டு முதல் பக்கத்திலேயே திரும்பிப் போகிறவருக்கும் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். எந்த வகைக் கதை என்று நேர்மையாகச் சொல்லும் அசையாத படம், வரக் கூடாதவரை வாசலிலேயே வடிகட்டிவிடும்.

எது வேலை செய்கிறது என்று அறிய, ஒவ்வொரு மாதிரி பேனருக்கும் தனி யூடிஎம் குறிச்சொல்லோடு (எந்த பேனரிலிருந்து வந்தார் என்று காட்ட முகவரியின் முடிவில் சேர்க்கும் சொல்) லிங்க் கொடுங்கள். அந்த லிங்க் புதிய பக்கத்துக்குப் போகக் கூடாது, கதையின் முதல் பக்கத்துக்குப் போக வேண்டும். எண்ணிக்கையை அவசரப்பட்டு நம்ப வேண்டாம். 10,000 தடவை காட்டியதில் ஒன்றுக்கு 20 க்ளிக், இன்னொன்றுக்கு 27 என்றால் வித்தியாசம் தற்செயலாகவே இருக்கலாம். க்ளிக்கைவிட, வந்தவர்களில் எத்தனை பேர் ஐந்தாம் பக்கம் வரை போனார்கள் என்பதைப் பாருங்கள்.

நான் சொல்வதெல்லாம் பக்கம் பக்கமாகப் புரட்டும் தளங்களை வைத்து. செங்குத்தாக நீளமாக உருட்டிப் படிக்கும் காமிக்குகளில் ஓர் அத்தியாயத்துக்கு ஒருமுறைதான் பக்கம் ஏறும், அதன் அடியில் வரும் பேனர் நின்று ஓட நேரம் கிடைக்கும். அங்கே என் வாதம் இவ்வளவு உறுதியாக நிற்காது.

ஜிஃபுக்கே உரிய வேலையும் உண்டு. இரண்டே அடியில் சிரிப்பு வரும் துணுக்குக் காமிக், மூடிய கண் சட்டென்று திறக்கும் திகில் கதை, இவற்றுக்கு அசைவு பொருத்தம். அப்படிச் செய்தால் இரண்டு ஃப்ரேம், மிஞ்சினால் மூன்று. முதல் ஃப்ரேமிலேயே பெயரும் முகமும் இருக்கட்டும். மாறும் பகுதியை மட்டும் சேமியுங்கள். கண் மட்டும் திறக்கிறது என்றால் அந்தச் சின்னச் சதுரம் மட்டும் இரண்டாம் ஃப்ரேமில் போதும், எடை பாதியாகும். ஜிஃப்சிக்கிள் போன்ற கருவி அதைத் தானே செய்துகொடுக்கும். லூப்பை முடிவில்லாமல் விடாமல் இரண்டு மூன்று சுற்றில் நிறுத்துங்கள். கூகுளின் விளம்பர நெட்வொர்க்கில் அசைவு 30 விநாடிக்குள் நின்றாக வேண்டும். விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடும் எதுவும் கூடாது, வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. முதல் ஃப்ரேமைத் தனி பிஎன்ஜியாகவும் எடுத்து வையுங்கள். அசைவை ஏற்காத தளத்துக்கு அதையே அனுப்பிவிடலாம்.