ஐந்தேகால் வருட வழக்கும் ஐம்பது நிமிட மக்கள் நீதிமன்றமும்

வழக்குகளைச் சமரசமாக முடித்து வைக்கும் லோக் அதாலத்துக்கு, அதாவது மக்கள் நீதிமன்றத்துக்கு, நான் தருவது ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். அதில் அரை நட்சத்திரம் அங்கே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் ஒரு சின்ன ஆப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். 2016 டிசம்பரில் ஒரு ஜவுளிக்கடைக்காரருக்கு 5,000 காலண்டர் அடித்துக் கொடுத்தேன். ஒன்று 50 ரூபாய், மொத்தம் இரண்டரை லட்சம். ஏப்ரலில் தருகிறேன் என்றவர், அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை. 2018 ஜூனில் வழக்குப் போட்டேன். அதுவரையான வட்டி 35,000 சேர்த்து 2,85,000 ரூபாய்க்கு தாவா, கோர்ட் ஃபீ 8,550.

எதிர்த்தரப்பு தன் பதிலுரையை 30 நாளில், தவறினால் 90 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது சட்டம். அவர் வரவே இல்லை. அவர் இல்லாமலே எனக்குச் சாதகமாக எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்தது. அதை ரத்து செய்ய அவர் ஒரு மனு, அதற்கு ஒரு வருடம். வந்த பதிலுரையில் பாரா பாராவாக மறுப்பு. ஆர்டரே தரவில்லையாம், சரக்கே வாங்கவில்லையாம். அப்புறம் கொரோனா. அப்புறம் நீதிபதி மாறுதல், தற்காலிகமாக ஒரு இன்சார்ஜ் நீதிபதி, வக்கீல்கள் புறக்கணிப்பு. ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் தரக்கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது; என் டைரியில் நான் குறித்துவைத்தவை 46. வா.சா.1, அதாவது வாதி தரப்பின் முதல் சாட்சியாகக் கூண்டில் ஏற ஐந்து நாள் போய், மூன்று நாள் ஏறாமலே திரும்பினேன். டெலிவரி சலானை என் தரப்பின் மூன்றாவது ஆவணமாக, வா.சா.ஆ.3 என்று முத்திரை குத்தி வாங்கியதுதான் அந்த வருடத்தின் மொத்த முன்னேற்றம்.

2023 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை தேசிய மக்கள் நீதிமன்றம். "போய்த்தான் பாருங்களேன், செலவில்லை" என்றார் என் வக்கீல். உண்மைதான், கட்டணம் எதுவும் கிடையாது. மேடை இல்லை, கூண்டு இல்லை. ஒரு மேசைக்குப் பின்னால் நீதிபதி, ஒரு வக்கீல், ஒரு சமூக சேவகர். எதிரே நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். ஐந்து வருடத்தில் அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் பார்த்தேன்.

"ஏன்யா பணம் கொடுக்கல?" என்று நீதிபதி நேராகவே கேட்டார். கடைக்காரர் என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, முருகன் படத்துல கலர் விலகிக் கிடந்துச்சே, மறந்துட்டீங்களா? எங்க கஸ்டமர் என்னைக் கிண்டல் பண்ணினாங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். ஒரு கட்டு காலண்டரில் கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராமல், வேலுக்குப் பக்கத்தில் இன்னொரு வேல் நிழலாக விழுந்திருந்தது. சுமார் 200 காலண்டர். அப்போதே சொல்லியிருந்தால் அதற்கு 10,000 கழித்திருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். ஆனால் சரக்கே வாங்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டவர், சரக்கு சரியில்லை என்று எந்த வாயால் சொல்வார்? ஐந்து வருடம் நாங்கள் வாதாடியது இல்லாத சண்டைக்கு. அந்த நாற்காலிக்கு அரை நட்சத்திரம் இதற்காகத்தான்.

2,40,000 ரூபாய், நான்கு தவணை. ஐம்பது நிமிடத்தில் கையெழுத்து. அவார்டு எனப்படும் இந்த முடிவு சிவில் கோர்ட்டின் தீர்ப்பாணைக்குச் (டிக்ரி) சமம், மேல்முறையீடும் கிடையாது. கட்டிய கோர்ட் ஃபீயும் திரும்பக் கிடைக்கும்.

ஒன்றரை நட்சத்திரம் ஏன் குறைத்தேன் என்றால், வழக்குப் போட்ட நாளிலிருந்து 12 சதவீத வட்டி மட்டுமே 1,57,500 வரும். முந்தைய 35,000 தனி. அத்தனையையும் விட்டுக்கொடுத்தேன். மனம் இரங்கி அல்ல, 47-வது வாய்தாவை நினைத்து. இழுத்தடித்தவருக்கு வட்டியில்லாக் கடன் கிடைத்தது. இதைச் சமரசம் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கோர்ட் மெதுவாக நகர்வதால்தான் மக்கள் நீதிமன்றத்தில் பேரம் இவ்வளவு சீக்கிரம் படிகிறதோ என்று சந்தேகம்.

இந்த மேசையை வழக்கின் கடைசியில் போடாமல், பதிலுரை தாக்கலாகும் முன்பே போட வேண்டும். 3 லட்சமும் அதற்கு மேலும் உள்ள வணிக வழக்குகளுக்கு, அவசர நிவாரணம் கேட்காத பட்சத்தில், வழக்குக்கு முன்பே சமரச முயற்சி கட்டாயம் என்று 2018-லேயே சட்டம் வந்துவிட்டது. என் தாவா அந்த வரம்புக்கு 15,000 ரூபாய் குறைந்துபோனது! வாய்தா கேட்பவரிடம் அன்றைக்கே எதிர்த்தரப்பின் வண்டிச் செலவையும் ஒரு நாள் கூலியையும் வாங்கிக் கொடுத்தாலே, பாதி வாய்தா குறையும் என்பது என் கணக்கு. அபராதம் போட இப்போதும் சட்டத்தில் இடம் இருக்கிறது. நான் போன 46 நாளில் போட்டது ஒரே ஒரு தடவை, 500 ரூபாய்.

போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் வட்டியோடு உடனே தர வேண்டும் என்று அவார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தவறிய ஒவ்வொரு தவணைக்கும் வசூலுக்கு இ.பி. (தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் மனு) போட்டு, அதே கோர்ட்டில் அதே வாய்தா வரிசையில் நிற்க வேண்டும். நான் எழுத வைத்தேன். நான்கு காசோலையும் பாஸானது. கோர்ட் ஃபீ மட்டும் கைக்கு வர ஏழு மாதம் ஆனது.