ஸ்ட்ராவா, நாப்பயிற்சியா? ராப்புக்கும் பாட்டுக்கும் குரலைத் தயார்ப்படுத்தும் வழிகள்

ஒரே ஆள் வரிகளை ராப்பாகச் சொல்லிக்கொண்டே வந்து, ஹூக் (திரும்பத் திரும்ப வரும் பாட்டுப் பகுதி) தொடங்கியதும் பாட்டுக்குத் தாவுவது ஹிப்-ஹாப்பில் இன்று சாதாரணமாகிவிட்டது. 1990களிலேயே அமெரிக்கக் கலைஞர் லாரின் ஹில் இரண்டையும் ஒருசேரச் செய்தார். கனடா ராப்பர் டிரேக் போன்றோர் அதைப் பொது நடையாக்கிவிட்டனர். ஆனால் மேடையேறும் முன் குரலைத் தயார்ப்படுத்தும் பழக்கத்தில் மட்டும் இரண்டு கட்சிகள் இன்னும் பிரிந்தே நிற்கின்றன. பாட்டு கற்றவர்கள் உதட்டதிர்வு (உதடுகளைப் ‘பர்ர்’ என்று அதிரவிடுவது), ஸ்ட்ரா, ஸ்வர வரிசை என்று தொடங்குகிறார்கள். ராப் பக்கம் இருப்பவர்கள் நாப்பிறழ்ச் சொற்றொடர்களை வேகவேகமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு மைக்கைப் பிடிக்கிறார்கள்.

இரண்டு வேலைகளும் குரலிடம் கேட்பவை வெவ்வேறு. நிமிடத்துக்கு 90 துடிப்புள்ள பீட்டில் (பின்னணித் தாளத்தில்), ஒரு துடிப்புக்கு நான்கு அசை வீதம் சொன்னால் நொடிக்கு ஆறு அசைகள் வருகின்றன. நான்கு துடிப்பு சேர்ந்தது ஒரு பார்; 16 பார் கொண்ட ஒரு பகுதி ஏறத்தாழ 43 நொடிகளில் முடிந்துவிடும். பேசும்போது ஆண்களின் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 100 முதல் 130 முறையும், பெண்களின் குரல்நாண்கள் சுமார் 200 முறையும் அதிர்கின்றன. ராப் பெரும்பாலும் இந்தப் பேச்சு எல்லையிலிருந்து அதிகம் விலகாமல், ஆனால் பேச்சைவிட உரத்து நடைபெறுகிறது. ஹூக் ஒரு ஸ்தாயி மேலே இருந்தால் அதிர்வு இரட்டிப்பாக வேண்டும். அதற்குக் குரல்நாண்கள் நீண்டு மெலிய வேண்டும். தடித்த நிலையில் 43 நொடிகள் அடித்துச் சொன்ன குரலை அடுத்த கணமே மேலே ஏறச் சொல்வதால்தான் ஹூக்கின் முதல் சொல்லில் குரல் பிசிறுகிறது.

நாப்பயிற்சி இந்தச் சிக்கலைத் தொடுவதே இல்லை என்பதுதான் அதன்மீது எனக்குள்ள முதல் குறை. அது நாக்கையும் உதட்டையும் தாடையையும் இளக்குகிறது. குரல்நாண்கள் குளிர்ந்தபடியே இருக்கின்றன. இரண்டாவது குறை, சொற்றொடரைத் தேர்ந்தெடுக்கும் விதத்தில் இருக்கிறது. தமிழில் ராப் செய்பவர்களிலும் பலர் ஏழைக் கிழவனையும் வாழைப்பழத் தோலையும் விடுவதில்லை. ழகரத்துக்கு நாக்கு மடங்க அது நல்ல பயிற்சிதான்; ஆனால் ராப்பின் அடி விழுவது பெரும்பாலும் வல்லின மெய்களில். பாட்டு இரண்டு மாத்திரை நெடிலை எட்டு மாத்திரையாகக்கூட நீட்டிக்கொள்ளும். ராப்போ அரை மாத்திரை ஒற்றெழுத்தைத் தெறிக்கவிட்டுத்தான் தாளத்தைக் காட்டுகிறது. அந்த வகையில் ‘யாரு தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை’ என்ற பழைய விளையாட்டு வரியே ராப்பருக்குக் கூடுதல் பயன் தரும். அதையும் பீட்டை ஓடவிட்டு, நிமிடத்துக்கு 70 துடிப்பில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். பீட் இல்லாமல் சொல்லும் வேகம் மேடையில் கைகொடுக்காது.

மறுபக்கம் உள்ள முறைகளில் ஸ்ட்ராவைத்தான் முதலிடத்தில் வைப்பேன். ஸ்ட்ராவை உதடுகளால் இறுகப் பற்றி, அதன் வழியாக ‘ஊ’ என்று ஒலித்தபடி கீழிருந்து மேலும் மேலிருந்து கீழும் வழுக்கிச் செல்ல வேண்டும். வாயின் முனை ஏறத்தாழ மூடியிருப்பதால் குரல்வளைக்கு மேலே காற்றழுத்தம் கூடுகிறது. அது குரல்நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதாமல், குறைந்த முயற்சியிலேயே அதிர உதவுகிறது. ஸ்ட்ராவின் நுனியை ஒரு தம்ளர் நீரில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அமிழ்த்தினால், குமிழிகள் சீராக வருகின்றனவா என்பதைக் கொண்டு மூச்சு சீராக இருக்கிறதா என்றும் கண்டுகொள்ளலாம். உதட்டதிர்வும் இதே வேலையைச் செய்கிறது, கருவி எதுவும் தேவையில்லை. ஆனால் உதடுகள் அதிரவே மறுப்பவர்கள் பலர் உண்டு, அவர்கள் அதனோடு போராடிக் கழுத்தை இறுக்கிக்கொள்கிறார்கள். ஹம்மிங் எல்லோருக்கும் எளிது, ஆனால் மூன்றிலும் அதுவே குறைந்த பலன் தருவது.

ஸ்வர வரிசை பாடுவதா, சொந்த வரிகளையே அரைக்குரலில் சொல்லிப் பார்ப்பதா என்பதில் மட்டும் ராப்பர்கள் பக்கமே நிற்கிறேன். ஸ்வர வரிசை ஸ்ருதியைச் சரிசெய்யும், ஆனால் எந்த இடத்தில் மூச்செடுப்பது என்று சொல்லித்தராது. சொந்த வரிகளை ஓட்டிப் பார்க்கும்போதுதான் எந்தப் பாரின் முடிவில் இடைவெளி இல்லை என்பது தெரியும். அங்கே ஒரு சொல்லை வெட்டுவது மூச்சுப் பயிற்சியைவிட விரைவான தீர்வு. அரைக்குரல் என்பது தாழ்ந்த, தெளிவான குரல்தான், கிசுகிசுப்பு அன்று. அழுத்திக் கிசுகிசுப்பது பலருக்குக் குரல்வளையை இறுக்கிவிடும்.

தண்ணீர், ஆவி, தொண்டை மிட்டாய் ஆகியவற்றுக்கிடையிலான போட்டி எளிதில் தீர்ந்துவிடுகிறது. விழுங்கும் நீர் குரல்நாண்களைத் தொடுவதில்லை. உணவுக்குழாய் வழியே போய், உடல் முழுவதும் பரவிய பிறகே பயன் தருகிறது. ஆகவே மேடை ஓரத்தில் ஒரு பாட்டிலைக் காலி செய்வதைவிட, காலையிலிருந்தே சிறிது சிறிதாகக் குடித்து வருவது மேல். சுவாசிக்கும் ஆவி மட்டுமே குரல்நாண்களை நேரடியாகச் சென்றடைகிறது. மரத்துப்போகச் செய்யும் மிட்டாயை நான் அடியோடு ஒதுக்குவேன். அது காயத்தை ஆற்றுவதில்லை, வலி என்ற எச்சரிக்கையை மட்டும் அணைத்துவிட்டு, கத்துவதற்குத் துணிவு தருகிறது.

பதினைந்து நிமிடங்கள் கிடைத்தால் ஸ்ட்ரா, நாப்பயிற்சி, அரைக்குரலில் சொந்த வரிகள் என்ற வரிசையில் மூன்றையும் செய்துவிடலாம். ஐந்தே நிமிடங்கள்தான் என்றால் மூன்று நிமிடங்களை ஸ்ட்ராவுக்கும், மீதியை ராப் முடிந்து ஹூக் தொடங்கும் அந்த இரண்டு பார்களுக்கும் கொடுப்பேன், நாப்பயிற்சியைக் கைவிடுவேன். சொல் சற்று மழுங்கினாலும் அடுத்த வரியில் சரிசெய்துகொள்ளலாம், ஆனால் முதல் பாட்டிலேயே கரகரத்த குரல் அன்றைய இரவுக்குள் திரும்பி வருவது அரிது.