பெயர் அறியப்படாத சீமாட்டி: பெர்லின் கெமெல்டகலெரியில் பார்க்க வேண்டிய ஒரு சிறு ஓவியம்

ரெம்பிராண்ட்டையும் கரவாஜ்ஜோவையும் காணப் பெர்லின் கெமெல்டகலெரி ஓவியக்கூடத்துக்குச் செல்பவர்கள், இன்றைய பெல்ஜியத்தின் புரூஜ் நகர ஓவியர் பெட்ருஸ் கிறிஸ்டுஸ் 1470ஆம் ஆண்டையொட்டி வரைந்த இளம்பெண்ணின் உருவப்படத்துக்கென்று தனியாக அரை மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்ள வேண்டும். ஓக் பலகையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பட்ட அந்த ஓவியத்தின் உயரம் 29 சென்டிமீட்டர், அகலம் 22.5 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஓர் ஏ4 தாளின் அளவுதான் என்பதால், அவசரமாக நடப்பவர் கண்ணில் படாமலே போய்விடக்கூடும்.

அருகில் சென்று நிதானமாகப் பார்த்தால், கறுப்புத் தொப்பியைத் தாடைக்கடியில் இழுத்துப் பிடித்திருக்கும் பட்டையும், கழுத்தை ஒட்டிய முத்துமாலையும், மார்பை மூடிய மெல்லிய துணியில் குத்தப்பட்ட ஒற்றை ஊசியும் ஒவ்வொன்றாகப் புலப்படுகின்றன. வெண்மயிர்க் கரையிட்ட அந்த நீல உடையே அவளுடைய செல்வநிலையைச் சொல்லிவிடுகிறது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியவை, ஓரப்பார்வையாக நம்மை அளவெடுக்கும் அந்தக் கண்கள்தாம். அவற்றில் நாணமும் இல்லை, நட்பும் இல்லை. அக்காலத்து உருவப்படங்கள் பலவற்றில் வெற்று இருளே பின்னணியாக இருக்க, இங்கே மரப்பலகை பதித்த சுவர் தெரிவதால், அவள் உண்மையாகவே ஓர் அறைக்குள் இருக்கிறாள்.

அவள் யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. எட்வர்ட் சாலி என்னும் வணிகரின் சேகரிப்போடு 1821இல் பிரஷ்ய அரசிடம் வந்த இந்த ஓவியத்தின் பழைய படச்சட்டத்தில், புகழ்பெற்ற டால்பட்டின் உறவுப்பெண் என்ற குறிப்பு இருந்ததாகக் கலை வரலாற்றாசிரியர் வாகன் 1825இல் எழுதினார். அதை நம்பினால் இவள் டால்பட் என்னும் ஆங்கிலேயப் பிரபுக் குடும்பத்தவள். அந்தச் சட்டமோ தொலைந்துவிட்டது. மறுபுறம், ஃப்ளோரன்ஸின் மெடிசி குடும்பத்துச் சொத்துப் பட்டியலில் புரூஜ் நகர ஓவியர் ஒருவர் வரைந்த 'பிரெஞ்சுச் சீமாட்டி' இடம்பெற்றிருப்பதைக் காட்டி, அது இவளாக இருக்கலாம் என்பாரும் உண்டு. இரண்டில் எதையும் முடிவாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை. சட்டத்தைப் பத்திரப்படுத்தாமல் விட்டது பெரும் இழப்பு.

கூரை வழியே பரவி இறங்கும் பகலொளியில் வண்ணத்தின் நுண்வெடிப்புகள்கூடத் தெளிவாகத் தெரிவதால், வெளிச்சம் குன்றும் முன்பே செல்வது நல்லது. திங்கட்கிழமைகளில் ஓவியக்கூடம் திறக்கப்படுவதில்லை.